ஆர்செனிக்கம் ஆல்பம் 30: யார் நோயாளி?

2020 கோடையில் கிளியனூரில் எங்கள் தெருவுக்கும் அந்தச் சின்ன டப்பா வந்தது. மூணு நாள் வெறும் வயித்துல போடணும், ஒரு மாசம் கழிச்சு மறுபடியும். அத்தை கேட்டாள்: “இது வராம தடுக்குமா, வந்தா கேக்குமா?” கொடுத்தவர், “எதிர்ப்பு சக்திம்மா” என்றார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியைத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

ஹோமியோபதியின் மூலப் பிரதி சாமுவேல் ஹானிமனின் ‘ஆர்கனான்’. முதல் பதிப்பு 1810. நோயின் பெயரை விட்டுவிட்டு நோயாளியைப் படி என்கிறது அது. கொள்ளைநோய் என்றால் பலருக்கும் ஒரே மருந்து பொருந்தலாம். ஆனால் பல நோயாளிகளின் குறிகளைச் சேகரித்து, ஒப்பிட்டு, நோயின் முழு உருவத்தைக் கண்ட பிறகே. இனி தேதிகளைப் பார்ப்போம். மத்திய ஹோமியோபதி ஆராய்ச்சி கவுன்சிலின் அறிவியல் ஆலோசனைக் குழு கூடியது 2020 ஜனவரி 28. ஆயுஷ் அமைச்சகம் அறிவுரை வெளியிட்டது 29. இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி கேரளத்தில் உறுதிசெய்யப்பட்டது 30. நோயாளி வருமுன்பே வாசிப்பு முடிந்துவிட்டது! வுஹான் அறிக்கைகள் இருந்தனவே என்பார்கள். இருந்தன. ஆனால் அறிவுரை காட்டிய ஆதாரம், இன்ஃப்ளூயென்சா போன்ற காய்ச்சலைத் தடுக்க இம்மருந்து ஏற்கெனவே சொல்லப்பட்டது என்பது. புது நூலுக்குப் பழைய உரையை ஒட்டியிருக்கிறார்கள்.

மெட்டீரியா மெடிக்கா வருணிக்கும் ஆர்செனிக்கம் ஆசாமி நிலைகொள்ளாதவர், சாவுக்குப் பயந்தவர், நடுராத்திரிக்கு மேல் அவதிப்படுகிறவர், தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிப்பவர். ஜனங்கள் மொத்தத்தையும் இந்த ஒற்றை உடம்பாக அரசுச் சொல்லாடல் வாசித்தது. (அந்த மாதங்களில் பயப்படாதவர் யார் என்பது வேறு விஷயம்.)

நூறில் ஒன்றாக முப்பது முறை கரைத்தால், 1க்குப் பின் 60 சுழி. பன்னிரண்டு முறை தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவது அரிது. போகட்டும். எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டாலும், வேலை செய்கிறதா என்று பார்க்கலாமே. ஃப்ளூவுக்கு விற்கப்படும் ஆஸில்லோகாக்சினம் (வாத்தின் ஈரலும் இதயமும்தான் மூலப்பொருள்) பற்றிய காக்ரேன் ஆய்வுரையை எழுதியவர்களில் ஹோமியோபதி முகாமைச் சேர்ந்தவர்கள் உண்டு. 2015இலும், உறுதியாகச் சொல்ல நல்ல சான்று போதவில்லை என்றே எழுதினார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன். தடுக்கும் என்று சொன்னால் சோதிக்கலாம்: மருந்து போட்டவர், வெறும் சீனி உருண்டை போட்டவர், யாருக்கு எது என்று தெரியாமலே எண்ணலாம். ‘எதிர்ப்பு சக்தி’யை என்ன செய்வது? காய்ச்சல் வரவில்லையா, சக்தி இருந்தது. வந்துவிட்டதா, மாத்திரை போடாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும். தோற்கவே முடியாத சொல்.

எங்கள் பக்கத்தில் ஹோமியோபதி டாக்டருக்கு மரியாதை இருப்பது மாத்திரைக்காக மட்டுமில்லை. எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பே, என்ன கனவு வருது என்று உட்காரவைத்துக் கேட்பார். ஓ.பி. சீட்டு வரிசையில் யாரும் கேட்காத கேள்விகள். டப்பாக்காரருக்கோ இன்னும் நாலு தெரு பாக்கி. கேட்பதைக் கழற்றிவிட்டு உருண்டையை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

2021 மே மாதம் அத்தைக்குக் காய்ச்சல். இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூணாம் நாள் மூச்சு வாங்கிய பிறகுதான் புதுச்சேரிக்கு வண்டி பிடித்தோம். பிழைத்துக்கொண்டாள். ஏன் சொல்லல என்று கேட்டதற்கு, “அதான் மாத்திர போட்டிருக்கேனே” என்றாள்.