ராமமூர்த்தியின் பங்கு எவ்வளவு? – ஒரு தப்புக் கணக்கு

பழைய பாட்டு ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு கேள்வி கண்டிப்பாக வரும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையரில் உண்மையிலேயே இசையமைத்தது யார்? பதிலும் தயாராக இருக்கும். 1965-ல் பிரிந்தார்கள். அதற்கப்புறம் எம்.எஸ்.வி. நூற்றுக்கணக்கில் படங்கள் செய்தார், ராமமூர்த்தியோ இருபதைக்கூடத் தொடவில்லை. ஆகவே மூளை எம்.எஸ்.வி.தான், ராமமூர்த்தி கூட இருந்தவர். கொஞ்சம் தாராள மனசுக்காரர்கள், "மெட்டு விஸ்வநாதன், வாத்தியம் ராமமூர்த்தி" என்று பாகம் பிரித்துக் கொடுப்பார்கள்.

இந்த இரண்டு பதில்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. எம்.எஸ்.வி.யின் மேதைமையில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. கணக்குப் போடும் முறைதான் இடிக்கிறது.

முதலில் பின்னணி. ராமமூர்த்தி 1922-ல் திருச்சியில் பிறந்தவர். தாத்தா மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை பெயர்பெற்ற வயலின் வித்வான். அப்பா கிருஷ்ணசாமிப் பிள்ளையும் வயலின்தான். விஸ்வநாதன் ஆறு வருஷம் இளையவர், 1928-ல் பாலக்காடு பக்கம் எலப்புள்ளியில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்து, கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் பாட்டு கற்று, கோவை ஜூபிடர் பிக்சர்ஸில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து மேலே வந்தவர். இருவரும் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் சேர்ந்தார்கள். அங்கே ஒருவர் வயலின், மற்றவர் ஆர்மோனியம்.

1952-ல் சுப்பராமன் முப்பது வயதுகூட நிரம்பாமல் இறந்துபோனார். பாதியில் நின்ற 'தேவதாஸ்' உள்ளிட்ட படங்களின் இசையை முடித்துக் கொடுத்தது இந்த இருவர்தான். ஆனால் 'தேவதாஸ்' இன்றைக்கும் சுப்பராமன் படமாகத்தான் பேசப்படுகிறது. அதாவது, கூட்டு உழைப்பு ஒரே பெயரில் நிற்பது எப்படி என்பதை இந்த இரட்டையர் தொழிலின் முதல் பாடமாகவே பார்த்துவிட்டார்கள். அதே 1952-ல் என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தில் இருவர் பெயரும் சேர்ந்து வந்தது. அடுத்த பதின்மூன்று வருஷத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1964-ஐ மட்டும் எடுத்தாலே கர்ணன், காதலிக்க நேரமில்லை, புதிய பறவை, படகோட்டி, சர்வர் சுந்தரம். 1965-ல் ஆயிரத்தில் ஒருவனோடு கூட்டணி முடிந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். மென்பொருள் வேலையில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு கோப்பில் எந்த வரியை யார் எழுதினார் என்று ஒரே கட்டளையில் பார்த்துவிடலாம். ஆனால் இரண்டு பேர் ஒரே திரை முன்னால் உட்கார்ந்து பேசிப் பேசி எழுதிய நிரலில் அந்தக் கட்டளை சொல்வதை நம்ப முடியாது. விசைப்பலகை யார் கையில் இருந்தது என்று மட்டும்தான் அது காட்டும். "அது வேண்டாம், இப்படிப் போ" என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னது எங்கேயும் பதிவாகாது. இரட்டையர் இசையிலும் அதே சிக்கல்தான். அதனால்தான் ரசிகர்கள் பிரிவுக்குப் பின் வந்த படங்களை ஒரு சோதனை மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள்.

நல்ல சோதனை என்றால் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்திருக்க வேண்டும். 1965-ல் அப்படியா நடந்தது? எம்.ஜி.ஆர். படங்கள், ஏவி.எம்., ஸ்ரீதர், பந்துலு என்று பெரிய வாய்ப்புகளெல்லாம் எம்.எஸ்.வி. பக்கம் போயின. ராமமூர்த்தியை விடாமல் பயன்படுத்திய பெரிய இயக்குநர் என்றால் டி.ஆர். ராமண்ணா: நான் (1967), மூன்றெழுத்து (1968), தங்கச் சுரங்கம் (1969). படங்களின் எண்ணிக்கை, ஒருவரை யார் கூப்பிட்டார்கள் என்பதைச் சொல்லும். அவருக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்லாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பிரிந்த உடனே வந்த பாட்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். 'மெட்டு ஒருவர், வாத்தியம் ஒருவர்' என்பது உண்மையானால், தனியாகப் போன விஸ்வநாதனின் வாத்திய அமைப்பு இளைத்திருக்க வேண்டும். ஆனால் அன்பே வா (1966) வந்தது. ஊதுகருவிகளும் தாளமுமாகத் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும் இசை அது. எந்த இடத்திலும் கை குறைந்ததாகத் தெரியவில்லை. மறுபக்கம், ராமமூர்த்திக்கு மெட்டு வறண்டிருக்க வேண்டும். அதே 1966-ல் மறக்க முடியுமா வந்தது. காகித ஓடத்தை வைத்துக் கருணாநிதி எழுதி, பி. சுசீலா பாடிய அந்தச் சோகப் பாட்டில் வாத்திய ஜாலம் எதுவும் கிடையாது. மெட்டுதான் முழுப் பாரத்தையும் தூக்குகிறது. 'நான்' படத்துப் பாட்டுகளோ பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தவை. பாகப்பிரிவினைக் கோட்பாடு இரண்டு முனையிலும் உடைகிறது.

இன்னொரு ஆளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவர்களிடம் உதவியாளராக இருந்த ஆர். கோவர்த்தனம். 1967-ல் அவர் தனியாக இசையமைத்த பட்டணத்தில் பூதம் பாட்டுகளைக் கேளுங்கள். ஒரே பட்டறையிலிருந்து வந்த மூன்று பேர், இரண்டே வருஷத்துக்குள், மூவருமே இன்றைக்கும் நிற்கும் பாட்டுகளைக் கொடுத்திருக்கிறார்கள். இது தற்செயலாக எனக்குத் தெரியவில்லை. அந்த அறையில் இருந்த அறிவு ஒருவரோடு முடியவில்லை. சர்வர் சுந்தரத்தில் ஒரு பாடல் பதிவையே காட்சியாக வைத்திருக்கிறார்கள். எம்.எஸ்.வி. கையசைத்து நடத்த, சுற்றிலும் வாத்தியக்காரர்கள். அதைப் பார்த்தபிறகும் 'ஒரு மூளை' என்று சொல்வது எனக்குக் கஷ்டம்.

"1995-ல் மறுபடி சேர்ந்தார்களே, எங்கிருந்தோ வந்தான் படத்தில் பழைய மாயம் எங்கே?" என்று கேட்பவர்களும் உண்டு. முப்பது வருஷ இடைவெளி. கண்ணதாசன் இல்லை, கணினி இசை வந்துவிட்டது, கேட்கும் காதும் மாறிவிட்டது. அதை வைத்து 1964-ஐ அளப்பது எப்படிச் சரியாகும்?

பிரிவால் இழந்தது ஒன்றுமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. என் காதுக்கு, இரட்டையர் காலப் பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வயலின்கள் பாடகருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வரும். பின்னாளைய எம்.எஸ்.வி.யிடம் துணிச்சலும் வேகமும் அதிகம், ஆனால் அந்த உரையாடல் குறைவு. இது என் ரசனைத் தீர்ப்பு, நிரூபணம் இல்லை. அதைக்கூட "ராமமூர்த்தி வயலின்காரர், ஆகவே அது அவர் வேலை" என்று முடித்துவிட மாட்டேன்.

இதெல்லாம் வெட்டி ஆராய்ச்சியா? பாட்டு கேட்கும் செயலியில் 1960-களின் இரட்டையர் பாட்டு எதையாவது திறந்து, இசையமைப்பாளர் என்ற இடத்தைப் பாருங்கள். பல இடங்களில் எம்.எஸ். விஸ்வநாதன் பெயர் மட்டும் இருக்கும். இன்று பாட்டு தேடும் பையனுக்கு அந்த ஒரு கட்டம்தான் வரலாறு. 2012-ல் தமிழக முதல்வர் கையால் 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டம் வாங்கும்போது இருவரும் சேர்ந்தேதான் வாங்கினார்கள். அடுத்த ஆண்டு ராமமூர்த்தி போய்விட்டார், 2015-ல் எம்.எஸ்.வி.யும். இனி இதைத் திருத்திச் சொல்ல அவர்கள் வரப்போவதில்லை.

யார் எவ்வளவு என்று தசமப் புள்ளி வைத்துச் சொல்ல முடியாது. முடியாதபோது செய்யக்கூடியது ஒன்றுதான்: 1952 முதல் 1965 வரை படத்தின் டைட்டிலில் எப்படிப் போட்டார்களோ, அப்படியே இரண்டு பெயரையும் எழுதுவது.