திரையில் கணக்கு, பின்னணியில் மின்சார ரயில்

ஐப்பசி பிறந்துவிட்டால் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் டியூஷன் எடுப்பவர்களுக்கு வகுப்பு நடக்குமா என்பதே நிச்சயமில்லை. விடிகாலையில் ஆட்சியரின் மழை விடுமுறை அறிவிப்பு வரும். வராவிட்டாலும், 2015இல் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்ததைப் பார்த்த பெற்றோர் தூறலுக்கே பிள்ளையை வெளியே விட யோசிப்பார்கள். அப்போது கைகொடுப்பது, டேப்லெட்டில் எழுதிக்கொண்டே பேசி, அந்தத் திரையை அப்படியே வீடியோவாக எடுத்து அனுப்புவது. சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட்டின் 2024 பதிப்பில் பிளஸ் டூ கணக்குப் பாடம் ஒன்றை அப்படிப் பதிவு செய்து பார்த்தேன்.

இந்த மாடலை எடுக்கக் காரணம் பேனா. எஸ் பென் பெட்டியிலேயே வருகிறது. டேப் ஏ9 பிளஸ்ஸின் திரை 11 அங்குலம், இதில் 10.4தான். ஆனால் அதில் எஸ் பென் வேலை செய்யாது. விரலால் ஒரு தொகையீட்டுக் குறி போட்டுப் பாருங்கள், பேனாவின் அருமை தெரியும்.

திரையை மேலிருந்து இழுத்தால் ஸ்கிரீன் ரெக்கார்டர் பட்டன் இருக்கிறது. தனி ஆப் தேவையில்லை. ஒலி வேண்டாமா, டேப்புக்குள் ஓடும் ஒலி மட்டுமா, அதோடு மைக்கும் சேர்த்தா என்று முதலில் கேட்கும். பாடம் நடத்த மூன்றாவதுதான். தரத்துக்கு 720பி போதும். அடுக்குக்குறிகளைப் பொடிப்பொடியாக எழுதும் வாத்தியார் மட்டும் 1080பி வைத்துக்கொள்ளலாம். ஓரத்தில் நம் முகத்தைக் காட்டும் செல்ஃபி வசதியும் உண்டு. கணக்குக்கு வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்வதால் அணைத்துவிட்டேன்.

எழுத்து கச்சிதமாக விழுகிறது. பாடம் தேறுவதும் தோற்பதும் ஒலியில்தான். மேசைமேல் கிடக்கும் எந்த டேப்பின் மைக்கும் நம் குரலைவிடப் பேனா நுனியின் டக்டக்கை நன்றாகக் கேட்கும். அதோடு நம் ஊர் வேறு. ஜி.எஸ்.டி. சாலை பஸ்ஸின் ஏர் ஹாரன், சானடோரியம் தாண்டி வரும் மின்சார ரயில், தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானம். மின்விசிறியை நிறுத்தலாம், விமானத்தை என்ன செய்ய? இந்த டேப்பில் 3.5 மி.மீ. ஹெட்போன் துளை இருப்பது இங்கேதான் உதவுகிறது. மைக் உள்ள சாதாரண இயர்போனைச் செருகி, மைக்கை வாய்க்கு அருகே வைத்ததுமே குரல் முன்னால் வந்துவிட்டது. பாடத்துக்கு நடுவே யூடியூப் துண்டு போட்டாலும் ஸ்பீக்கர் ஒலி மைக்கில் மறுபடி ஏறி எதிரொலிக்காது. டேப்புக்கு அடுத்து வாங்க வேண்டியது இந்த இயர்போன்தான் என்பேன்.

நேரடி ஆன்லைன் வகுப்பைப் பதிவு செய்ய இந்த ஸ்கிரீன் ரெக்கார்டரை நம்ப வேண்டாம். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் பாட்டு, வீடியோ, கேம் ஒலியைப் பதிய வழி கொடுத்தார்கள்; அழைப்பில் வரும் குரலுக்குக் கொடுக்கவில்லை. மாணவர் கேட்ட சந்தேகம் கோப்பில் இருக்காது. ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும் ஏற்பாடு என்பதால் எனக்கு இதில் வருத்தமில்லை. ஜூம் வகுப்பென்றால் கணினியில் அதன் சொந்தப் பதிவு வசதியைப் பயன்படுத்துவதே சரி.

ஃபீஸ் கட்டும் முறையைப் பெற்றோருக்கு வீடியோவாக எடுத்துக் காட்டினால் யு.பி.ஐ. பின் கேட்கும் இடம் கருப்பாகத்தான் பதிவாகும். அதுவும் நல்லதற்கே. ஆனால் மேலே எட்டிப்பார்க்கும் அறிவிப்புகள் பதிவாகிவிடும். தொடங்கும் முன் 'டூ நாட் டிஸ்டர்ப்' போடாவிட்டால் உங்கள் வங்கிக் கணக்கின் இருப்பு பன்னிரண்டாம் வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடும்.

ஐபேடிலும் 2017இன் ஐஓஎஸ் 11 முதல் திரையைப் பதிவு செய்யும் வசதி உண்டு. அங்கே பதிவு பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் மைக்கை இயக்கும் வழி தெரியும். கவனிக்காவிட்டால் பாடம் ஊமைப்படம்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாகப் போட்டால் அது சுருக்கிவிடும், அடுக்கில் இருக்கும் 3-ம் 8-ம் ஒன்றுபோல் தெரியும். 'டாக்குமென்ட்' என்று இணைத்தால் 2 ஜிபி வரை தரம் குறையாமல் போகும். பெரும்பாலும் அம்மாவின் செல்போனில்தான் பிள்ளைகள் இதைப் பார்க்கிறார்கள் என்பதால், ஒரு கணக்குக்கு ஒரு கோப்பாகத் துண்டு துண்டாக அனுப்புங்கள்.