சொல்லுக்கு நிலம் உண்டு

ஓரேருழவர், தேய்புரிப் பழங்கயிற்றினார், குப்பைக் கோழியார், மீனெறி தூண்டிலார். சங்கத் தொகைகளில் வரும் இப்புலவர்களின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவரவர் பாட்டில் மின்னும் தொடரே பெயராக நின்றுவிட்டது. ஊரும் குலமும் மறைந்த பிறகும் தேர்ந்தெடுத்த உவமை ஒருவரை அடையாளம் காட்டுகிறது என்றால், சொல்தேர்வை நம் முன்னோர் எவ்வளவு மதித்திருக்க வேண்டும்!

குறுந்தொகையில் ஓரேருழவர் பாடியதைப் பாருங்கள். தலைவியின் ஊர் நெடுந்தொலைவில் இருக்கிறது. தலைவனின் நெஞ்சோ துடிக்கிறது. விரைவுக்குக் காற்றையோ குதிரையையோ சொல்லியிருக்கலாம். அவர் கண்டது மழை ஈரம் பட்ட புனத்தில் ஒற்றை ஏரோடு நிற்கும் உழவனை. ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். உதவிக்கு இன்னோர் ஏர் கிடையாது. அந்த 'ஓர்' என்ற அடையை எடுத்துவிட்டால் பதைப்பு முழுவதும் போய்விடும். நற்றிணையின் பழங்கயிறும் அப்படித்தான். காதல் ஒருபுறம், கடமை ஒருபுறம் என இழுபடும் உடம்பு, இரு களிறுகள் பற்றி இழுக்கும் கயிறாகிறது. பழங்கயிறு என்று மட்டும் சொன்னால் அறுந்துவிடும் என்பது தெரியும். புரி தேய்ந்தது என்னும்போது அது இழை இழையாக இற்றுப்போவதையே பார்த்துவிடுகிறோம்.

இத்தகைய தேர்வுக்கு இலக்கணம் வகுத்தவர் தொல்காப்பியர். செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக்கினார். வட்டார வழக்குக்கும் பாட்டில் இடம் தந்த பெருந்தன்மை அது. உவமை பிறக்கும் வழிகளை வினை, பயன், மெய், உரு என்றார். உழவனும் நெஞ்சும் உருவில் சற்றும் ஒவ்வாதவை, வினையால் ஒன்றானவை.

இம்மரபின் சிகரம் உள்ளுறை உவமம் என்பேன். இன்னது போல இன்னது என்று விளக்காமல், நிலத்தின் கருப்பொருளைக் காட்டிவிட்டு மற்றதைக் கேட்பவருக்கே விட்டுவிடுவது அது. ஆலங்குடி வங்கனாரின் மருதப் பாட்டில், வயலோர மாமரத்திலிருந்து தானாக விழும் பழத்தை வாளைமீன் கவ்வுகிறது. தலைவன் எப்படிப்பட்டவன், யார் அவனை வலியப் போய்ப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. பேசுபவள் பரத்தை. மாவும் வாளையும் அந்த மருத வயலுக்கு இயல்பானவை. வேறு நிலத்துப் பொருளை இங்கே ஒட்டவைத்தால் பாட்டு பொய்க்கும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தண்டியலங்காரம் வேறொரு பள்ளி. வடமொழித் தண்டியைத் தழுவி வைதருப்பம், கௌடம் என இரு நெறிகளையும், செறிவு, தெளிவு முதலான பத்துக் குணங்களையும் பேசியது. தெளிவைக் குணமாக எண்ணிய நூலிலிருந்து பின்வந்தோர் பலர் மடக்கையும் சித்திரகவியையுமே விரும்பி எடுத்துக்கொண்டது வருத்தத்துக்குரியது. எழுத்துகளைக் கட்டங்களில் அடைக்கும் திறமை வளர வளர, வயலும் வாளைமீனும் பாட்டைவிட்டுப் போயின.

1912இல் பாரதி பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் எளிய பதங்களையும் எளிய நடையையும் வேண்டினார். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ், யாப்பை விட்ட கவிதைக்குப் படிமத்தையே முதுகெலும்பாக்கியது. 1971இல் கோவையில் பிறந்த 'வானம்பாடி' இயக்கம் கவிதையை மக்கள் முன் முழங்கச் செய்தது, அது பெரும்பணி. ஆயினும் அந்த வழியில் பின்னால் எழுதியவர்களிடம் நெருப்பும் விடியலும் சூரியனும் யார் கவிதையிலும் பொருந்தும் பொதுச் சொற்களாகிவிட்டன. எவருக்கும் பொருந்தும் படிமத்தை எந்தத் தொகுப்பாளர் ஒருவருக்குப் பெயராகச் சூட்ட முடியும்?

கருப்பொருள் என்றதும் குறிஞ்சியும் நெய்தலும் பாடினால்தான் மரபு என்று இளையவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு நிலத்தின் பூவும் புள்ளும் இன்னொரு நிலத்துக்கு வந்தால், வந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளலாம் என்று தொல்காப்பியர் அகத்திணையியலிலேயே இடம் கொடுத்திருக்கிறார். டொராண்டோவில் குடியேறிய ஈழக் கவிஞருக்கு உறைபனியும் மேப்பிள் மரமும் கருப்பொருளாக அந்த ஒரு நூற்பாவே போதும்.