உறுமியும் சுயாதீனமும்: ‘கலா’ இசைத்தொகுப்பை முன்வைத்துச் சில சிந்தனைகள்

சுயாதீன இசை என்னும் தொடர் இன்று தாராளமாக வழங்கப்படுகின்றது. எதிலிருந்து சுயாதீனம் என்ற வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகின்றது. மாதங்கி அருள்பிரகாசம் ‘எம்.ஐ.ஏ.’ என்ற பெயரில் ஆக்கிய முதலிரு இசைத்தொகுப்புகளையும் தொடர்ச்சியாகக் கேட்டபோது இவ்வினாவே எம்முன் நின்றது. தந்தையின் இயக்கப் பெயரைத் தாங்கிய ‘அருளர்’ 2005இலும், தாயின் பெயரைத் தாங்கிய ‘கலா’ 2007இலும் வெளிவந்தன. பிரித்தானியாவில் இவற்றை வெளியிட்டது எக்ஸ்.எல். என்னும் சுயாதீன நிறுவனம். ஐக்கிய அமெரிக்காவிலோ பெருமுதலாளித்துவ இசைத்துறையைச் சார்ந்த இன்ரஸ்கோப் கைகொடுத்தது. ஆகவே சுயாதீனத்தை நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் தேடுவது வீண். ஒலி உற்பத்தியான முறையிலேயே அதனைத் தேடுதல் வேண்டும்.

‘அருளர்’ தொகுப்பின் அடித்தளம் றோலண்ட் எம்.சி.505 என்னும் ஒரேயொரு தாளக்கருவி. திரைப்படக்கலை பயின்ற ஒருவர் வீட்டிலிருந்தே இசை ஆக்க முடிந்தமை உற்பத்திச் சாதனம் கைமாறியதன் விளைவாகும். சிக்கனமே அதன் பலம். ஆயினும் போரின் சொற்கள் அங்குப் பல இடங்களில் அணிகலனாகவே நின்றுவிடுகின்றன. போரினுள் வாழ்ந்தோர் செவிக்கு அது சற்று நெருடலாகவே இருக்கும்.

‘கலா’வின் பிறப்பு வேறுவகைப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் தங்கிப் பணியாற்ற விசா கிடைக்காமையால் இந்தியா, டிரினிடாட், லைபீரியா, அவுஸ்திரேலியா எனப் பல இடங்களில் அதன் ஒலிகள் திரட்டப்பட்டன. எல்லைக் காவலே அதன் அழகியலைத் தீர்மானித்தது எனினும் பொருந்தும். குடிவரவாளர் மீதான ஐயத்தை எள்ளிநகையாடும் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலில், சொல் நின்றுவிடும் இடத்தில் துப்பாக்கி வேட்டும் காசுப்பெட்டியின் ஓசையும் ஒலிக்கின்றன. முதல் தொகுப்பின் கோஷங்கள் செய்யத் தவறியதை இவ்விரு ஓசைகளும் செய்துவிடுகின்றன. ‘டிஸ்கோ டான்சர்’ (1982) படப் பாடலொன்றின் மறுவாக்கமான ‘ஜிம்மி’ எம்மைக் கவரவில்லை. பழைய இனிப்பு, புதிய உறை, அவ்வளவே.

எமது கவனத்தை நீண்டநேரம் ஈர்த்தது சென்னையில் ஒலிப்பதிவான உறுமியே. ஒரு முகத்தை அடித்தும் மறுமுகத்தை வளைந்த கோலால் தேய்த்தும் எழுப்பப்படும் அதன் முனகலை, ‘பேர்ட் ஃபுளூ’ பாடலில் இயந்திரத் தாளம் விழுங்கிவிடவில்லை. தாளத்தின் மேடுபள்ளங்கள் செம்மைப்படுத்தப்படாமலே விடப்பட்டுள்ளன. செவ்வியல் மேடை ஏற்க மறுத்த வாத்தியமொன்று உலகச் சந்தையில் தன் முரட்டுக் குரலோடேயே நுழைந்தமை சிறிய காரியமன்று.

எனினும் தோற்கருவி எம் சமூகத்தில் வெறும் ஒலியன்று. யாழ்ப்பாணத்திலே பறை சாதித் தொழிலாக விதிக்கப்பட்டிருந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் அதனை அடிக்க மறுத்தமையே அவர்தம் விடுதலைப் போராட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. அம்மறுப்பின் நினைவோடு கேட்கும் ஒருவருக்கு, உறுமியைத் ‘தமிழரின்’ ஒலியெனப் பொதுப்படக் கொண்டாடுதல் எளிதன்று. ‘கலா’ அதனை மூன்றாம் உலகின் ஆரவாரத்தினுள் கலந்துவிடுகின்றது. வாசிப்பவர் அவ்வுலகினுள்ளும் எந்தப் படியில் நிற்கிறார் என்பது செவிக்கு எட்டுவதில்லை. இலண்டனிலிருந்து நோக்குகையில் நிறவாதமும் எல்லைக்கோடும் தெளிவாகத் தெரிகின்றன, சாதி தெரிவதில்லை.

இக்குறையை 2018இல் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ற்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர் நேரடியாக எதிர்கொண்டனர். கானாவும் பறையும் றொக்கும் கலந்த அவர்களது பாடல்களில் வாத்தியத்தோடு அதை வாசிப்போரின் வரலாறும் பேசப்படுகின்றது. ஒலியமைப்பின் துணிவில் ‘கலா’வை அவர்கள் எட்டவில்லை என்பதே எம் கருத்து, பல பாடல்களில் செய்தி தாளத்தை முந்தி ஓடுகின்றது. ஆனால் உறுமியை வாசிப்பவர் யார் என்று கேட்கும் செவிக்கு, அவர்களிடமே விடை உண்டு.