ஈழத்துப் பொப்பிசையின் தளர்ச்சி: போரை மட்டும் காரணங்காட்டல் தகுமா?

1970களில் இலங்கைத் தமிழரிடையே பெருவழக்காயிருந்த பொப்பிசை ஏன் மங்கியது என வினவின், 1983ஆம் ஆண்டு வன்செயலும் அதன்பின் மூண்ட போரும் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. இதில் உண்மை உண்டு. ஆயினும் கால வரிசை இவ்விடைக்கு முற்றாக இடந்தருவதில்லை.

நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய பாடல்கள் பலவற்றின் தாளம் பைலாவை ஒட்டியது. போர்த்துக்கேயர் காலத்துக் கலப்பில், ஆபிரிக்க வழிவந்த காப்பிரியர் பேணிய ஆட்ட இசையிலிருந்து பிறந்த பைலாவை வொலி பஸ்தியன் சிங்களப் பாட்டாக வளர்த்தெடுத்தார். தமிழ்ப் பாடகர் அந்நடையின்மேல் யாழ்ப்பாணப் பேச்சுமொழியை ஏற்றினர். மாமியும் கள்ளுக்கடையும் கிதாரோடு மேடையேறின. செந்தமிழ்க் கீர்த்தனைக்கும் திரைப்பாட்டுக்கும் பழகிய செவிக்கு இது பெரும் புதுமை.

இப்புதுமை வேரூன்றிய சூழலை நாம் போதிய அளவு கருதுவதில்லை. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசு இறக்குமதிகளை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியது. தென்னிந்தியப் படங்களும் இதழ்களும் வருவது குறைந்தது. உள்ளூர் ஆக்கத்துக்கு அவ்விடைவெளி துணைநின்றது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபோது அவ்வேலி நீங்கிற்று. வானொலியை எதிர்பாராது ஒலிநாடாவில் விரும்பிய திரைப்பாட்டைக் கேட்கும் வசதியும் பரவியது.

அதே வேளையில் திரையிசையும் மாறியிருந்தது. 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபின் நாட்டார் மெட்டும் பேச்சுச் சொல்லும் திரைப்பாட்டில் புதுமதிப்புப் பெற்றன. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற 'சுராங்கனி'யே 1977இல் இளையராசாவின் இசையில் தமிழகப் படமொன்றில் ஒலித்தது. வட்டார மொழியின் துள்ளலைப் பெறப் பொப்பிசையையே நாடவேண்டிய தேவை, போர் மூளுமுன்னரே தளர்ந்துவிட்டது என்பது என் கருத்து.

இதற்கு எதிர்ச்சான்றாகச் சிங்களப் பைலாவைக் காட்டலாம். அதே திறந்த சந்தையில் அது பிழைத்தது. ஆனால் சிங்களத்துக்குக் கடல்கடந்து அதே மொழியில் இயங்கும் பெருந்திரைத்தொழில் இல்லை. மேலும் திருமணக் கொண்டாட்டமும் ஆட்டமும் அதற்குத் தொடர்ந்து இடமளித்தன. தமிழ்ப் பொப்பிசைக்கோ, 1983க்குப் பின் அவ்விடமும் பறிபோயிற்று. போரின் பங்கு இங்கேதான் உள்ளது: ஊரடங்குக்குள் இரவு நிகழ்ச்சி ஏது? இழவு விழுந்த ஊரில் அயலவரைக் கேலிசெய்யும் பாட்டுக்குச் சிரிப்பவர் யார்? எழுச்சிப் பாடலும் இரங்கற் பாடலும் அவ்விடத்தை நிரப்பின.

பாடல்களின் குறையையும் மறைத்தல் ஆகாது. பெண்ணின் உடையையும் நடையையும் நகையாடும் பொருளையே பல பாடல்கள் திரும்பத் திரும்பப் பற்றிநின்றன. கேட்போர் வளர்ந்தபின்னும் பாட்டு வளரவில்லை. விமரிசகரோ இதனைக் கேளிக்கையெனத் தள்ளி, குறைகூறும் அளவுக்குக்கூடப் பொருட்படுத்தவில்லை.

கனகரத்தினம் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் தமிழகம் சென்று திரைநடிகராகி 2018இல் மறைந்தார். புலம்பெயர் நாட்டு மண்டபங்களில் 'சின்ன மாமியே' தொடங்கினால் இன்றும் முதியோர் எழுந்து ஆடுகின்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் தமிழில் புதிதாகப் பாட முனையும்போது தேர்வது ராப் இசையை. பேச்சுமொழியும் கேலியும் அங்கும் உள்ளன. பைலாவின் தாளம் மட்டும் இல்லை.