தரைக்கடியில் எவ்வளவு பஞ்சு?

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பல வீடுகளின் தரைப்பலகை மண்ணில் படிவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகும் உயரத்தில் ஓர் இடைவெளி விடப்படும். ‘கிரால் ஸ்பேஸ்’ என்பது அதன் பெயர். தண்ணீர்க் குழாய்களும் ஏசி காற்றுக்குழல்களும் பெரும்பாலும் அதற்குள்தான் ஓடும். அங்கே எவ்வளவு வெப்பக்காப்பு வேண்டும் என்பதை ‘ஆர்-மதிப்பு’ என்ற எண்ணைக் கொண்டு தீர்மானிப்பது வழக்கம். எண் கூடினால் வெப்பத்தடை கூடும்.

இவ்வழக்கத்துக்கு வலுவான அடிப்படை உண்டு. 2021ஆம் ஆண்டின் சர்வதேச எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பு, மயாமி அடங்கிய 1ஆம் காலநிலை மண்டலத்தில் தரைக்கு ஆர்-13, அட்லாண்டாவின் 3ஆம் மண்டலத்தில் ஆர்-19, மினியாபொலிஸின் 6ஆம் மண்டலத்தில் ஆர்-30 என்று குறைந்தபட்ச அளவை வரையறுக்கிறது. கட்டுபவருக்கும் சோதிப்பவருக்கும் ஒரே அளவுகோல் கிடைப்பது சிறிய நன்மையல்ல.

ஆனால் எண்ணை ஏற்றிக்கொண்டே போவதால் பலன் அதே வேகத்தில் ஏறுவதில்லை. ஆர்-10 வழியே வெளியேறும் வெப்பம் 100 என்றால், ஆர்-20 வழியே 50, ஆர்-30 வழியே 33. இரண்டாவது பத்து 50ஐ மிச்சம் பிடிக்கிறது. மூன்றாவது பத்துக்குக் கிடைப்பது 17தான்.

இதைவிடப் பெரிய குறை ஈரம். பையில் அச்சிட்ட எண், உலர்ந்து, முழுத் தடிமனில், பலகையோடு ஒட்டியிருக்கும் கண்ணாடியிழைப் பஞ்சுக்கு உரியது. உத்திரங்களுக்கிடையே கம்பியால் முட்டுக்கொடுத்த பஞ்சு, நனைந்தால் கனத்துத் தொங்கிவிடும். பலகைக்கும் அதற்கும் இடையில் காற்று புகுந்தபின் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. ஈரம் வருவதோ, காயவைக்கவென்று சுவரில் விட்ட துவாரங்கள் வழியாகவும்தான். கோடையில் வெளிக்காற்றின் பனிநிலை (அதன் ஈரம் நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை) 24 டிகிரி செல்சியஸ், உள்ளே குழல்களின் பரப்பு 21 டிகிரி என்றால், நுழையும் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத்தான் செய்யும்.

மாற்று முறையில் துவாரங்கள் அடைக்கப்பட்டு, மண்மேல் 0.15 மில்லிமீட்டர் பாலித்தீன் விரிக்கப்பட்டு, காப்பு தரையிலிருந்து சுற்றுச்சுவருக்கு மாற்றப்படுகிறது. அங்கே 3ஆம் மண்டலத்துக்குத் தொடர்ச்சியான ஆர்-5 நுரைப்பலகையே விதிப்படி போதும். வட கரோலினாவின் பிரின்ஸ்வில்லில் 12 வீடுகளில் நடந்த ஒப்பீட்டில், அடைத்த அமைப்பு கொண்டவை குளிரூட்டவும் சூடாக்கவும் சுமார் 15 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்த எரிசக்தியே செலவிட்டன. மினியாபொலிஸ் போன்ற குளிர் ஊர்களில் இன்னொரு ஆதாயம்: தரையை மட்டும் காத்தால் கீழே குழாய் உறைந்து வெடிக்கலாம், சுவரைக் காத்தால் அந்த அபாயம் குறையும்.

இதுவும் குறையற்றதல்ல. நுரைப்பலகைக்குப் பின்னால் கறையான் ஏறினால் கண்ணில் படாது. அதனால் சுவரின் மேல்விளிம்பில் சுமார் 3 அங்குலம் வெறுமையாக விடுவார்கள். மண்ணிலிருந்து ரேடான் வாயு கசியும் ஊர்களில் அதை வெளியேற்றத் தனிக் குழாய் வேண்டும். வெள்ளப் பகுதிகளில் நீர் புகுந்து வெளியேறும் திறப்புகள் கட்டாயம் என்பதால் முழுக்க அடைக்க வழியில்லை.

ஆகவே நீர் தேங்காதபடி வடிகால் முதலில், அடைப்பதா திறப்பதா என்பது அடுத்து, எண் கடைசியில். வெள்ள அபாயமில்லாத அட்லாண்டா வீட்டுக்கு, தொங்கும் ஆர்-19 பஞ்சைவிடச் சுவரோடு ஒட்டிய ஆர்-10 பலகையே மேல்.