இல்லாத ஒற்றன்

ஒற்றாடலை அரசுக்கு இன்றியமையாத தொழிலெனக் கருதிய திருவள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். ஆங்கிலத் திரைப்படம் எடுத்தோரோ அதனை நகைக்குரிய பொருளாகவும் கண்டனர். அவ்வாறெழுந்த படங்களை வெறும் பொழுதுபோக்கென அறிஞர் சிலர் ஒதுக்குவர். மாணவரோ, 1962 இல் தொடங்கிய ஜேம்ஸ் பொண்ட் படங்களையே இவ்வகைக்கு அளவுகோலாகக் கொள்வர். இரு சாராரோடும் யாம் உடன்படுதற்கில்லை. பொண்ட் படங்களில் நகைச்சுவை பெரும்பாலும் கொலை முடிந்தபின் உதிர்க்கப்படும் ஒரு சொல்லணியேயாம். அதனை நீக்கினும் கதை குலையாது. அவற்றுக்கு முற்பட்ட மூன்று படங்களிலோ நகையை நீக்கின் கதையே இல்லை.

முதலாவது, அல்பிரட் ஹிச்கொக் நெறிப்படுத்திய 'தி லேடி வனிஷஸ்' (1938). ஓடும் புகைவண்டியில் முதியவள் ஒருத்தி மறைந்துவிடுகின்றாள். அப்படி ஒருத்தி ஏறவேயில்லை என உடன் வந்தோர் சாதிக்கின்றனர். அவளைக் கண்ட ஆங்கிலேயர் இருவர் உண்மையை மறைப்பதேன்? வண்டி தாமதித்தால் மான்செஸ்ரர் நகரில் நடக்கும் கிறிக்கெற் ஆட்டத்தைத் தவறவிட நேருமே என்னும் அச்சம்! (கிறிக்கெற் என்றால் பாடவேளையையும் மறக்கும் எம்மவர்க்கு இவ்விருவரையும் அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை.) நாம் நகைக்கின்றோம். ஆயின் வண்டி பகைவராற் சூழப்பட்ட வேளையில், தான் சண்டையில் சேராதவன் என நம்பி வெண்கைக்குட்டையை ஏந்தி இறங்கும் மற்றொரு பயணி சுடப்பட்டு வீழ்கின்றான். செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் உடன்படிக்கை கைச்சாத்தானதும் அவ்வாண்டிலேயே. கதை அதற்கு முன்னரே எழுதப்பட்டதெனினும், அக்கைக்குட்டையை இன்று காண்போர் அவ்வுடன்படிக்கையை நினையாதிரார்.

ஹிச்கொக்கின் 'நோர்த் பை நோர்த்வெஸ்ற்' (1959) இன்னும் நுட்பமானது. ஏணஸ்ற் லேமன் எழுதிய இக்கதையில் கப்ளான் என்னும் ஒற்றன் உண்மையில் இல்லை. அவனுக்கென ஹோட்டல் அறைகள் பதிவாகின்றன. உடைகள் ஊர் ஊராகச் செல்கின்றன. விளம்பரத் தொழில் செய்யும் தோன்ஹில் (கேரி கிறான்ற்) அவனெனத் தவறாகக் கொள்ளப்படுகின்றான். கப்ளானின் மேற்சட்டையை அவன் அணிந்து பார்க்க, அது அவனுக்குக் குட்டையாயிருக்கின்றது. இல்லாதவனுக்கும் ஓர் உடலளவு வகுத்த அரசாங்கத் திறமையை என்னென்பது! மின்தூக்கியில் அவன் தாய், எதிரே நிற்கும் கொலைஞரையே நோக்கி, தன் மகனைக் கொல்லவா எண்ணுகின்றீர்கள் என வினவ, அனைவரும் நகைக்கின்றனர்; அவனொருவனே நகைத்திலன். தாயாக நடித்த ஜெசி றொய்ஸ் லாண்டிஸ் கிறான்றினும் ஏழாண்டே மூத்தவர். ஏலவிற்பனைக் காட்சியும் இவ்வாறே சுவை மிக்கது. ஆயின் எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது வேறு காட்சி. குற்றமற்றவனொருவன் கப்ளானாகத் துரத்தப்படுகின்றான் என்பதறிந்த அதிகாரிகள், தம் உண்மை ஒற்றரின் காப்பைக் கருதி, அவனை அவன் விதிக்கே விட்டுவிடத் தீர்மானிக்கின்றனர்.

எனினும் எம் நெஞ்சுக்கு அணுக்கமானது கறொல் றீட் நெறிப்படுத்திய 'அவர் மேன் இன் ஹவானா' (1959) என்பதேயாம். மூலக்கதையை 1958 இல் வெளியிட்ட கிரஹாம் கிறீன் இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய உளவுத்துறையிற் பணியாற்றியவர். படத்தின் திரைக்கதையும் அவருடையதே. தூசு உறிஞ்சும் இயந்திரம் விற்கும் வோமோல்ட் (அலெக் கின்னஸ்) மகளின் செலவுக்காக ஒற்றனாகின்றான். ஒற்றறிய ஏதுமின்மையின், துணை ஒற்றர்களைக் கற்பனையிற் படைத்து அவர்களுக்கும் ஊதியம் பெறுகின்றான். தன் கடை இயந்திரத்தின் உறுப்புக்களையே பெரும் போர்க்கருவியென வரைந்து இலண்டனுக்கு அனுப்புகின்றான். ஓர் ஒற்றன் கூறியதை மற்றோர் ஒற்றனால் ஒப்புநோக்குக என்றார் வள்ளுவர். இலண்டனில் அதனைச் செய்வாரிலர். அவனைச் சேர்த்துவிட்ட ஹோதோனுக்கு (நோயல் கவாட்) அப்படத்தைக் கண்டதும் ஐயம் பிறக்கின்றது; தன் பதவியை எண்ணி வாய் திறந்தானில்லை.

பகைவரோ அப்பொய்யை நம்பிவிடுகின்றனர். அவன் ஏட்டிற் படைத்த விமானியின் பெயருடைய ஒருவன் மெய்யாகவே மடிகின்றான். நண்பர் டொக்டர் ஹசல்பாக்கரும் கொல்லப்படுகின்றார். படத்தின் பிற்பகுதி சுவை மாறிவிட்டதெனக் குறை கூறுவாருளர். அம்மாற்றமே இப்படத்தின் உயிர் என்பது எம் துணிபு. தொல்காப்பியர் நகைக்குரிய நிலைக்களன்களுள் எண்ணிய பேதைமையைக் கண்டு முன்னர்ச் சிரித்தோம். அப்பேதைமைக்குரிய விலையை வேறொருவன் கொடுப்பதைப் பின்னர்க் காண்கின்றோம். காதற்பகுதி சோர்வு தருவது என்பதை மட்டும் ஒப்புக்கொள்வோம்.

மூன்றையும் காண வாய்ப்புடையோர் வெளிவந்த முறையிலேயே காண்க. ஒன்றற்கே நேரமுடையோர் ஹவானாவுக்குச் செல்க. இறுதியில் இலண்டன் அதிகாரிகள், தம் மானங் காக்கும் பொருட்டு, அப்பொய்யனுக்கு விருதும் வேலையும் வழங்கும் காட்சியில் எவரும் உரத்துச் சிரிப்பதில்லை என்பதையும் உற்றுநோக்குக.